வாளி எண் மூன்று

கொளத்தூர் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்,
பாதியாவது பழைய தண்ணீரே போகணும் என்று.
அதனால் கேன் ஏழு.
மாவுக்கடை வாளி மூன்று,
எத்தனை கழுவியும் புளிப்பு போகாதவை.
மார்க்கரால் எண் போட்டேன்.
ஒன்றில் கோமாளி மீன் ஜோடி.
இரண்டில் அந்த மஞ்சள் திமிர் பிடித்தது.
மூன்றில் பாறைகள்.
காய்ந்தால் செத்துவிடும், மூடியே வை என்றான் எமர்சன்.
கல் எப்படிச் சாகும் என்று நான் கேட்கவில்லை.
மூன்று வருஷத்தில்
கேட்காமல் பழகிவிட்டது.

கேட்காமல் இருக்க முடியாதது ஒன்றுதான்.
நடுராத்திரியில் வரும் அந்த 'டப்'.
கண்ணாடி விரிகிறது என்று
எத்தனை முறை டார்ச்சோடு எழுந்திருக்கிறேன்!
நாலு மூலையிலும் பசை ஒட்டைத் தடவி
விரலை முகர்ந்து பார்த்திருக்கிறேன், உப்பா என்று.
கீழ்வீட்டில் செண்பகவல்லி அம்மாவுக்கும் கேட்டது.
என்றைக்காவது என் கட்டில்மேல்
கடல் இறங்கப்போகுது, காலி பண்ணுங்க.

குட்டியானை வந்தது. கன்னியப்பன்
கேனைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"இன்னாக்கா, மெத்தய கீழ போட்டு
தண்ணிய மேல குந்த வெச்சிகிறீங்க."

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் வண்டி.
நாற்பத்தேழு டேங்கர் எண்ணினேன்,
நாற்பத்தெட்டாவது நின்றுவிட்டது.
அதே நேரம் பேட்டரி பம்ப்பும்.
எமர்சன் வண்டிமேல் ஏறி
ஒன்றாம் வாளியைச் சொம்பால் மொண்டு
ஒரு முழம் தூக்கி ஊற்றினான்.
மொண்டு, தூக்கி, ஊற்றி,
மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல
வெயிலில் கடலை ஆற்றிக்கொண்டிருந்தான்.
பைக்கில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.
"கொழம்புக்கு ஆவுமா?"

"எர்ணாவூரு தான போறோம்" என்றான் கன்னியப்பன்,
"கடலு அங்கயே கீது.
எதுக்கு இத்த தூக்கினு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
கேட் திறந்து, கியர் போட்டு,
சுங்கச்சாவடி தாண்டியபிறகு அவனே சொன்னான்:
"அதுவும் சரிதான்.
எங்கண்ணன் வலய அலசினா
கையெல்லாம் ஆயிலு."

புது வீடு தரைத்தளம்.
அட்வான்ஸ் எண்பதாயிரம், வாடகை மூவாயிரம் கூட.
இனி யார் தலையிலும் இறங்காது.
மணல் கலங்கித் தொட்டி மோர்போல் நின்றது.
தெளியட்டும், காலையில் விடலாம் என்று
பம்ப்புகளை வாளிகளில் சொருகிவிட்டு
எமர்சன் சட்டையோடு தூங்கிப்போனான்.

டப்.

எழுந்தேன். டார்ச். நாலு மூலை.
விரல் காய்ந்தே வந்தது.

டப்.

பின்னாலிருந்து.

மூடியை நெம்பினேன்.
பாறை ஓட்டையில் ஓர் இறால்,
என் சுண்டுவிரலில் பாதி.
ஒரு கொடுக்கு மட்டும் அண்ணனிடம் இரவல் வாங்கியதுபோல்
உடம்புக்குப் பொருந்தாத பெரிசு.
வெளிச்சம் பட்டதும் என் முகத்துக்கு நேரே
சொடக்குப் போட்டது.

யாரும் காசு கொடுத்து வாங்காதது.
பாறையோடு வந்து, மூன்று வருஷம்
வாடகை இல்லாமல் இருந்து
எங்களைக் காலி பண்ண வைத்தது.

எமர்சனை எழுப்பவில்லை.
செண்பகவல்லி அம்மாவுக்குப் போன் போடலாமா என்று
மணி பார்த்தேன்.
இரண்டே கால்.