எத்தனை லோடு

கண்ணுக்கு முன்னால்
காதுக்குத்தான் தெரிந்தது.
கொருக்குப்பேட்டை கேட்டில்
சைக்கிளை ஒரு காலில் தாங்கி நிற்கையில்
எதிரே ஓடுமே சரக்கு ரயில்,
நாற்பத்தொன்பது, ஐம்பது என்று
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்போமே,
அந்தச் சத்தம்.
கடைசிப் பெட்டி மட்டும் வரவேயில்லை.

கம்பெனியில் வருஷத்துக்கொரு டூர்.
தேசியப் பூங்கா என்று சூப்பர்வைசர் மோசஸ் சொன்னபோது
ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் என்றே
நானும் பங்காரம்மாவும் நினைத்தோம்.

வாசலில் வனக்காவலர் பைகளைத் துழாவினார்.
லோகேஸ்வரியின் ஷாம்பு, யாருடையதோ சிப்ஸ்,
என் பையின் அடியிலிருந்து
இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்,
காலி, மூன்று தரம் கழுவியது.
"காலி பாட்டில் எதுக்கும்மா?"
சொல்ல வெட்கமாக இருந்தது.
கம்பிக் கூண்டுக்குள் எறிந்தார்.

பிறகு முந்நூறு படி.
முட்டிவலி ஷகிலாதான் முதலில் இறங்கினாள்.
பாறை திரும்பியதும்
வெள்ளை.

எண்ணூர் அனல்மின் புகைபோக்கியை
அண்ணாந்து பழகிய கழுத்து இது,
அன்றைக்குப் போதவில்லை.
எல்லோரும் போனை எடுத்தார்கள்.
என் கை தன்னால்
எதையோ திருகத் தேடியது.
சத்தியமாக.
இவ்வளவும் வீணாய்ப் போகிறதே
யாராவது மூடுங்களேன் என்று
தொண்டைவரை வந்துவிட்டது.
பங்காரம்மா சொல்லியே விட்டாள்:
"அய்யோ தேவுடா, கீழ ஒரு டிரம் வைக்கக் கூடாதா?"
சிரித்தோம். சிரித்து முடித்தபின்
கொஞ்ச நேரம்
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

பெண்களுக்கென்று கட்டிய கம்பிக்குள் போய் நின்றேன்.
தண்ணீர் என்று யார் சொன்னது,
மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள் மேலிருந்து.
நாற்பத்தொரு வயதில்
போதும், அடுத்த ஆளுக்கு விடு என்று
யாரும் சொல்லாமல் குளித்தது அன்றுதான்.
சொன்னார்கள், விசில் ஊதி.
அது வேறு.

திரும்பி வந்தது விடியற்காலை மூன்றே கால்.
மின்ட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துத்
தெருமுனைக்கு வந்தால் லாரி நிற்கிறது.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஆறு குடங்களோடு டில்லிபாபு.
"வந்துட்டியா, பச்சைக் குடத்தப் புடி."
அதுதான் வரவேற்பு.

வரிசை நகரும்போது கேட்டான்:
"எம்மாந் தண்ணி? எத்தன லோடு தேறும்?"
ஒன்பதாயிரம் லிட்டர் லாரி ஒன்றை
மனசுக்குள் அருவிக்கடியில் நிறுத்தினேன்.
மூச்சு விடுவதற்குள் வழிந்துவிட்டது.
இன்னொன்று. இன்னொன்று.
தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர்வரை
ஆரன் அடித்துக்கொண்டு லாரிகள்.
அப்புறம்தான் யோசித்தேன்,
அந்தக் காட்டுக்குள் லாரி எப்படிப் போகும்?
யானை வேறு இருக்கிறதாம்.
"தெரியல," என்றேன். "மூடவே மாட்டாங்களாம்."
"ராத்திரியில?"
"ராத்திரியிலயும்."
அவன் நம்பவில்லை.

குழாய் என் கைக்கு வந்தது.
இருட்டில் குடத்தைப் பார்க்க வேண்டியதில்லை எங்களுக்கு.
முதலில் தடதடவென்று அடியில் விழும்,
நிறைய நிறையச் சத்தம் மெலிந்து மேலே ஏறும்,
கழுத்துக்கு வந்ததும் ஒரு கீச்சு,
எடுத்துவிட வேண்டும்.
அப்போதுதான் பிடிபட்டது
பகல் முழுக்க என்னை உறுத்தியது எதுவென்று.
அங்கே சத்தம் ஏறவேயில்லை.
காலையிலும் அதே, மாலையிலும் அதே.
அது எதையும் நிரப்பிக்கொண்டிருக்கவில்லை.
"ஏய், வழியுது பார்!"
பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

வீட்டில் துண்டில் சுருட்டிய ஈர சுடிதாரைப்
பக்கெட்டின்மேல் பிடித்து முறுக்கினேன்.
அரை மக் தேறியது.
கலங்கல், ஒரு இலைத் துணுக்கு,
பாசி வாசனை.
கொட்ட மனசில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை.
வாயைத் திறப்பதற்குள்
டில்லிபாபு அதை எடுத்துச்
சேறு ஒட்டிய காலில் ஊற்றிக்கொண்டான்.
ஒரு கணம் விரல்களை மடக்கினான்.
"இன்னாமே இது," என்றான்,
"ஜில்லுன்னு."