வாடை எடுக்கும்வரை

மிக்கேல்ராசு கடையில்
குண்டிக்காய் ஓரத்து வெள்ளையை
யாரும் கேட்பதில்லை.
ஒன்றரைக் கிலோவைச் சும்மா பொட்டலம் கட்டுவான்.
"கொழுப்புக்கு எதுக்குக்கா காசு,
ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கு" என்பான்.

உடனே அடுப்பேற்ற முடியாது.
வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
ருகையா நாச்சியா வீடு.
பாம்பனில் காற்று
கதவைத் தட்டிவிட்டு நுழைவதில்லை.
வாடை எடுக்கட்டும் என்று காத்திருப்பேன்.
எடுத்தால் புகை தெற்கே
மன்னார்க் கடலுக்குப் போய்விடும்.
காற்றுக்கும் வாடை, மணத்துக்கும் வாடை.
ஒரே பேரை வைத்தவன்
எங்கள் தெருவில் குடியிருந்திருப்பான்.

நேற்று விடியலில் எடுத்தது.
பொடிப்பொடியாய் அரிந்தேன்.
சட்டியில் முதலில் ஒரு கை தண்ணீர்,
இல்லாவிட்டால் அடியில் கருகும்.
கருவேல விறகு இரண்டே இரண்டு.
பால்போலக் கலங்கும்,
பிறகு சடசடவெனப் பேசும்.
பேச்சு நின்றதும் இறக்கிவிட வேண்டும்.
பழைய வேட்டியில் வடித்தேன்.
மிஞ்சிய முறுகலில் உப்பைத் தூவி
பழைய சோற்றோடு தீர்த்தார்
கடலுக்குப் போய் வந்தவர்.

கலகலா மாவில் இந்த நெய்யைப் பிசைந்தால்
பல் படுமுன்னே உடையும்.
டால்டாவுக்கு அந்த அறிவு கிடையாது.
வெடித்த குதிகாலுக்கும் இதுதான்,
அதை வெளியில் சொல்வதில்லை.

ஆறினால் வெள்ளை.
மார்கழிக் குளிரில்
தேங்காயெண்ணெயும் அதே வெள்ளை,
அதே ஆர்லிக்ஸ் பாட்டில்.
நெய்ப் பாட்டிலின் கழுத்தில்
சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.
சின்னவன் ஆன்றோ அதை அவிழ்த்து
பட்டத்துக்கு வால் முடிந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து
சுவருக்கு மேலே கிண்ணம் வந்தது.
"செலஸ்தீ, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்.
மருமகன் வந்திருக்காக."

திறந்து மோந்து பார்த்தேன்.
இதுதான். தெரியும்.
இன்னொன்றையும் மோந்தேன்.
மறுபடி முதலாவதை.
என் மூக்கு
என் சட்டிக்குப் போதும்.
அவள் சட்டிக்கு?

கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டு
முக்குக் கடைக்கு நடந்தேன்.
கால் லிட்டர் பாக்கெட், வாய் பிரிக்காதது.
கலகலாவுக்கு வைத்திருந்த சீனிக்காசு
அதில் போனது.

சுவர்வழி நீட்டினால்
சிரித்துவிட்டாள்.
"ஒரு கரண்டி கேட்டா பாக்கெட்டையே தர்றா,
கொழுப்பப் பாரு இவளுக்கு!"

"ஆமா நாச்சியா,
ஒரு பாட்டில் நிறைய இருக்கு.
எந்தப் பாட்டில்னுதான் தெரியல."