படிக்கு ஐந்து சென்ட்

டெலேனி வூட்ரஃப் அவர்களுக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது. கூடவே
தபால்தலை தேவைப்படாத ஓர் உறை,
கையெழுத்து எங்கே என்று காட்ட
மஞ்சள் நாக்கு நீட்டும் ஒரு காகிதத் துண்டு.

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
உப்புக் குப்பியை அதன்மேல் பாரமாக வைத்து
மூன்று நாள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
நடந்தேன் என்பது ஒரு பேச்சுக்கு.

முதல்முறை அழைத்தபோது எப்படி இருக்கிறீர்கள் என்றீர்கள்.
பரவாயில்லை என்றேன்.
டுலூத்தில் சவப்பெட்டியைத் தட்டிக் கேட்டாலும்
உள்ளிருந்து அதுதான் பதிலாக வரும்.
இப்போது பார்க்கிறேன், இரண்டாம் பக்கம், நான்காம் பத்தி:
"உரிமை கோருபவர் தன் உடல்நிலை பரவாயில்லை எனத் தெரிவித்தார்."
குரல் பதிவாகும் என்று முன்பே சொன்னீர்கள், உண்மை.
மரியாதையும் பதிவாகும் என்று சொல்லவில்லை.

ஜாக்கெட்டுக்குத் தேய்மானம் கழித்திருக்கிறீர்கள். சரி, பழசு.
ஹோண்டாவுக்கும். அதுவும் சரி,
என் மகன் ஆர்னியைவிட அது இரண்டு வயது மூத்தது.
முழங்காலுக்குமா?
"வயது சார்ந்த தேய்வு ஏற்கனவே இருந்தது."
இருந்தது.
பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம்
சூப் அண்டா தூக்கிய கால்.
அந்தத் தேய்ந்த காலால்தான்
அன்று காலை உதைத்து வண்டியைக் கிளப்பினேன்.

தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போயிற்று.
காலுக்கு வந்தது
காலோடு தங்கிவிட்டது.

"அறிந்த, அறியாத, இனி அறியவரும்
எல்லாக் காயங்களுக்கும் இதுவே இறுதித் தீர்வு."
அறிந்ததற்குக் கையெழுத்துப் போடலாம்.
அறுபத்தொன்பதாம் வயதில், ஏதோ ஒரு பிப்ரவரி இரவில்,
குளியலறைக்குப் போகும் வழியில்
எனக்காக நின்றுகொண்டிருக்கும் வலியை
நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை.
அதன் சார்பில் நான் எப்படிச் சம்மதிக்க?

தெருவிலிருந்து என் கதவுக்கு நாற்பத்தொரு படிகள்.
இந்த ஊரே ஏரியை நோக்கிச் சரிந்து கிடக்கிறது,
தட்டையாக இருப்பது சுப்பீரியர் மட்டும்தான்,
அதுவும் காற்றில்லாத நாளில்.
ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி,
எண்பது வயதுவரை என்று வைத்துக்கொள்வோம்,
இன்னும் இருபத்தேழு வருடம்:
எட்டு லட்சத்து எட்டாயிரத்து நூற்றுப் பத்துப் படிகள்.
நீங்கள் தருவது படிக்கு இரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல்.

நான் ஐந்து கேட்கிறேன்.
நாற்பதாயிரத்து நானூற்று ஐந்து டாலர், ஐம்பது சென்ட்.
ஐம்பது சென்ட்டை விட்டுத்தருகிறேன்,
பேரம் என்றால் இரு பக்கமும் இறங்கத்தானே வேண்டும்.
(இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.)

இனி எர்லிங் ப்ரோ.
நான் வேகமாக வந்ததாகவும்
இடப்பக்கம் திரும்பும்போது தன் கண்ணில் வெயில் பட்டதாகவும்
எழுதிக் கொடுத்திருக்கிறார்.
அன்று வெயிலே இல்லை. அதை நான் விடப்போவதில்லை.

ஆனால் உங்கள் கோப்பில் இல்லாத ஒன்று:
எண்பத்தொரு வயது மனிதர், சாலையில் மண்டியிட்டு,
தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார்.
ஆம்புலன்ஸ் வரும்வரை வெறும் சட்டையோடு நின்றார்.
அவருடைய பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்தைத்தான்
நான் பிடித்துக்கொண்டிருந்தேன்,
மயங்கிவிடாமல் இருக்க.

மருத்துவமனையில் என் பொருட்களோடு
அந்தக் கோட்டையும் பையில் போட்டுத் தந்துவிட்டார்கள்.
அந்துருண்டை வாசம். பாக்கெட்டில்
பால் வாங்கிய ரசீது ஒன்று, இடக்கைக் கையுறை ஒன்று.
குளிர்காலம் பாதி போய்விட்டது.
மறு கையுறையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறாரோ.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்கிறீர்கள்.
ஆகவே உங்கள் மூலம்.
கோட்டு உங்கள் உறைக்குள் நுழையவில்லை, முயன்று பார்த்தேன்.
கையுறை நுழைகிறது.
இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சம்மதம் என்று
தயவுசெய்து பதிவு செய்ய வேண்டாம்.

ஐலா மாட்டிலா