வெட்டு இல்லாத இரவு

பதினொன்று பத்து, இடம்.
ஒன்று நாற்பது, வலம்.
மூன்று, மறுபடியும் வலம், ஞாபகப்பிசகு.
கோயில் காலண்டரின் பின்பக்கம்
பென்சிலால் எழுதி வைக்கிறேன்.
யாருக்குக் காட்ட என்று கேட்டால் தெரியாது.
விடிந்தபின் நான் சொல்வதை
நானே நம்ப வேண்டுமே.

ஊசி போடப் போனபோது
ஆறுகாணி சிஸ்டர் சொன்னாள்:
அழுகைக்குக் காத்திராதே, அக்சீலியா,
அது கடைசி பஸ்.
அதற்கு முன்னமே
தலை தோள்பக்கம் திரும்பும்,
நாக்கு சப்புக்கொட்டும்,
விரல்கள் வாயைத் தேடி
கிடைக்காமல் மூக்கைப் பிடிக்கும்.
அப்போதே எடுத்துவிடு.

இருட்டில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?
காதால் பார்க்கப் பழகினேன்.
துணி உரசும் சத்தம் வேறு,
ஈர முஷ்டியைச் சப்பும் சத்தம் வேறு.
சிலநேரம் ஒன்றுமிருக்காது, வெறும் கனவு.
வயிற்றில் கைவைத்து
இருபது வரை எண்ணுவேன்.
பதினான்கில் தூங்கிவிடுவான்,
அல்லது நான்.

வெள்ளறடையிலிருந்து பலகாரம் விற்க வரும்
லளிதாம்பிகை சேச்சி,
"பால் போரா மோளே, பொடி கலக்கிக் கொடு,
நேரம் வெளுக்குவோளம் உறங்கும்" என்றாள்.
கொடியில் கிடந்த துணிகளை எண்ணிக் காட்டினேன்.
ஒரே நாளில் எட்டு.
குடிக்காமலா சேச்சி இத்தனை?

மூன்று மணிக்கு பெனட் எழும்புவார்.
நெற்றியில் விளக்கைக் கட்டி
கத்தியும் வாளியுமாய்
மேட்டு ரப்பருக்கு. முந்நூறு மரம்.
அந்த வெளிச்சம் சன்னலில் ஒருமுறை திரும்பும்,
பிள்ளை குடிப்பதை விட்டு அதைப் பார்ப்பான்,
பிறகு நான் தொடக்கத்திலிருந்து.
திரும்பி வருகையில் கையில் ஆசிட் வாடை.
மூன்று தடவை சோப்பு போட்டாலும்
பிள்ளை முகம் சுளிப்பான்.

மரத்துக்கும் எனக்கும் பொருத்தம் சொல்லி
ஒருநாள் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு.

நேற்று பத்து மணிக்குப் பிடித்தது மழை.
பட்டை நனைந்தால் வெட்டில்லை,
வெட்டில்லையென்றால் கூலியில்லை.
கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்,
இந்த மாதம் இது ஆறாவது நாள்.
நானும் ஒரு கணக்குப் போட்டேன்,
வெளியே சொல்லவில்லை.

ஒன்று இருபதுக்குக் குடித்து முடித்ததும்
பிள்ளையை அவர் தோளில் சாய்த்தேன்.
தட்டாதீங்க, தடவுங்க, கீழேயிருந்து மேலே.
விளக்கு வேண்டாம்.
பேசவும் வேண்டாம், பகலென்று நினைத்துக்கொள்வான்.
முந்நூறு மரத்துக்கு வழி தெரிந்தவர்
நாலடி அறையில்
ஸ்டூலில் இடித்துக்கொண்டார்.
ஏப்பம் வந்ததா? வந்திருக்கும்.
நான் அதைக் கேட்கவில்லை.

காலையில் காலண்டரில்
கோணலாய் அவர் எழுத்து:
நாலு ஐந்து. அழவில்லை, கையைச் சப்பினான்.
உன்னை எழுப்பினேன், நீ எழும்பவில்லை.
உன் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்,
அவனே குடித்தான்.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தொட்டுப் பார்த்தேன்.
இடது கனத்துக் கிடந்தது.
பென்சிலைத் தேடியெடுத்து
அவர் எழுத்துக்குக் கீழே எழுதினேன்:
வலம்.