குழிக்கணக்கு

ஓவ்லுவில் நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நாலாம் மாடியில் கெர்த்து ஹாபனியெமி
தந்தத்தை வட்டு வட்டாக அறுக்கிறாள்.

சுங்கத்துறை பிடித்துக் கொடுத்த துண்டு.
சதுரங்கப் பலகையில்
மறுபடி யானையாகப் போயிருக்க வேண்டியது.
இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்,
ரசீதில் இதன் விலை சுழியம்.
ரம்பத்துக்கு வைர விளிம்பு. சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
சட்டைப் பொத்தான் அகல வட்டு;
அடியில் தேதி எழுதிய தாளை வைத்தால்
மேலிருந்து படிக்கலாம்.

அதன்மேல் விதைக்கிறாள்.
யாரோ தானம் தந்த ரத்தத்திலிருந்து பிரித்து
ஊட்டி வளர்த்த செல்கள்
ஒன்றோடொன்று கலந்து ஊதி
ஒரு தோலுக்குள் ஏழெட்டு உட்கருவோடு
எலும்புத்தின்னி ஆகிவிட்டன.
வாயில்லை, பல்லில்லை.
அடிவயிற்றை நிலத்தில் ஒட்டி
அமிலம் ஊற்றித் தின்னும்.
தின்பது யானை என்று தெரியாது.

பத்தாம் நாள்
செல்களைத் துடைத்து நீலச் சாயம் விட்டால்
தின்ற இடமெல்லாம் நீலம்.
குழி, குழி, பக்கத்தில் இன்னொரு குழி,
நடுவே வாய்க்கால் போல நீண்ட ஒன்று.

என் மொழியில் குழி பள்ளமும்தான், அளவும்தான்.
நூறு குழி ஒரு மா.
நுண்நோக்கியில் கண்பதித்துக்
கெர்த்து எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு.
அதே வட்டை, அவள் கணக்கைப் பார்க்காமல்,
யோர்மா எண்ணியது நூற்று எண்பத்தேழு.

இருபத்தைந்து குழி எங்கே?

"ஒட்டிக் கிடக்கும் இரண்டை ஒன்று என்கிறாய்."
"நகர்ந்து நகர்ந்து ஒன்று தின்றதை இரண்டு என்கிறாய்."
அவ்வளவுதான் சண்டை.
பிறகு அரைமணி நேரம்
குளிர்பெட்டியின் உறுமல் மட்டும்.

எண்ணுவதை விட்டார்கள். பரப்பை அளந்தார்கள்.
வில்லைக்குள் கட்டம்;
கோடுகள் வெட்டும் புள்ளியில் நீலம் விழுந்தால் ஒன்று,
விழாவிட்டால் இல்லை.
அவளுக்குப் பதினான்கு சதவீதம். அவனுக்குப் பதினான்கரை.
யோர்மா எழுந்துபோய்க் காபி போட்டான்,
அவளுக்கும் சேர்த்து.

போன மார்ச்சில் சந்தைத் துறைப் பனியில் வழுக்கி
முறிந்த மணிக்கட்டு அவளுடையது.
அதற்குள்ளும் இதே தின்னிகள்தான்
உடைந்த ஓரங்களை அரித்தன.
பின்னாலேயே கொத்தனார் கூட்டம் வந்து பூசிவிட்டது,
அங்கே எதையும் எண்ண முடியாது.
தந்த வட்டில் பூச ஆளில்லை.
பறித்தது பறித்தபடி கிடக்கும்.

கடைசி வட்டு, மருந்து விட்டது.
ஒரு நீலமும் இல்லை.
குறுக்கே நேராக ஒரு மெல்லிய கீறல்.
குறிப்பேட்டில் எழுதுகிறாள்:
ரம்பம். கணக்கில் சேர்க்க வேண்டாம்.