வாடகைக்கு இருப்பவர்

நாரிச் ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதியில்லை.
பென்சில் மட்டும்.
பதிவேட்டைத் தலையணை மேல் கிடத்தித் தருகிறார்கள்,
காய்ச்சல்காரனைப் படுக்கவைப்பதுபோல.

முப்பத்தோரு வருடம் மீட்டர் கணக்கெடுத்தவன் நான்.
மழையில் ஊறிய அட்டையில் எண் எழுதத் தெரியும்,
அடுத்தவர் எழுதிய ஒன்றையும் ஏழையும் பிரிக்கத் தெரியும்.
இந்தப் பாதிரியாரின் கையெழுத்துதான்
குளிரில் விறைத்த கோழி கிளறிய மாதிரி.
எங்கள் பெயரை அவர் ஒருமுறை எழுதியபடி
மறுமுறை எழுதவில்லை:
தர்க்கெட்டில், தர்க்கிள், தர்ட்டில்,
ஒரு திருமணத்தில் வெறும் டர்ட்டில்.
காதில் விழுந்ததை எழுதினார்.
சொன்னவர்களுக்கு வாசிக்கத் தெரியாது,
கீழே பெருக்கல் குறி போட்டுவிட்டு
டர்னிப் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மூன்று குளிர்காலம் பின்னோக்கியே நடந்து
ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு வரை போய்விட்டேன்.
பன்னிரண்டு தலைமுறை.
சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒட்டிய காகிதத்தில்
எல்லோரும் கிளை பிரிந்து நின்றார்கள்.
டோரீன் ஓரத்தை மடக்கித்தான் தட்டு வைப்பாள்.

விட்டுப்போன ஒரு தேதிக்காகத்தான் மஹாலாவிடம் திரும்பி வந்தேன்,
என் கொள்ளுத்தாத்தா ஹெர்பர்ட்டின் தாயிடம்.

ஐம்பத்தொன்று, மார்ச்சின் கடைசி ஞாயிறு இரவு.
குடும்பத் தலைவர் நோவா, வயல் கூலி.
மனைவி மஹாலா, இருபத்து நான்கு.
வாடகைக்கு இருப்பவர் ஜேபெஸ் வோமாக், கூரை வேய்பவர்.

அறுபத்தொன்று. நோவா இல்லை.
மஹாலா, மணமானவள், துணி வெளுப்பவள், வயது முப்பத்தொன்று.
பத்து வருடத்தில் ஏழுதான் கூடியிருக்கிறது, இருக்கட்டும்.
மூன்று பிள்ளைகள்.
வாடகைக்கு இருப்பவர் ஜேபெஸ் வோமாக்.

எழுபத்தொன்று. மஹாலா, விதவை.
வாடகைக்கு இருப்பவர் ஜேபெஸ் வோமாக்.

அதே ஞாயிறு இரவு
இருநூறு மைல் வடக்கே, மிடில்ஸ்பரோவில்,
காலஞ்சென்ற நோவா
இரும்பாலைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஹன்னா என்ற மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும்
கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

ஹெர்பர்ட்டின் ஞானஸ்நானப் பதிவை மறுபடி கேட்டு வாங்கினேன்.
தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
ஒரே வீச்சில் இழுத்த கோடில்லை,
நின்று, மை தொட்டு, மிச்சத்தை இழுத்தது.
பிள்ளையின் பெயர்: ஹெர்பர்ட் வோமாக்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும்
பெயர் நடுவே ஒரு டபிள்யூ உண்டு.
என் அடையாள அட்டையிலும் இருந்தது.
எதற்கென்று அப்பாவைக் கேட்டபோது
"வழக்கம்" என்றார், ரேடியோவைத் திருகியபடி.
டிப்போவில் வால்டரா வில்லியமா என்பார்கள்,
நாளுக்கொன்று சொல்லிவைப்பேன்.

அன்றிரவு மேசையிலிருந்த அத்தனை தர்க்கெட்டில்களையும்
சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன்.
கோபமில்லை.
முகவரி மாறி வந்த தபாலை
மூன்று வருடம் பிரித்துப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.
"இனிமேல் வோமாக்குகளா?" என்றாள் டோரீன்,
மேசையை முழுதாகத் துடைத்தபடி.
பதில் சொல்லவில்லை.

கணக்கெடுக்க வந்தவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
அந்தச் சந்தில் அது ஒன்றுதான்
புதுக்கூரை போட்ட வீடாக இருந்திருக்கும்.
மூன்று வயது ஹெர்பர்ட்
வாடகைக்காரரின் தோளில் ஏறி
மீசையைப் பிடித்து இழுத்திருப்பான்.
இவர் யார் என்று கேட்டிருப்பார்.
மஹாலா சொன்னதை எழுதிக்கொண்டு போனார்.

நானும் பார்த்திருக்கிறேன்.
தனியாக இருப்பதாகச் சொன்ன பெண்ணின் வீட்டில்
மீட்டர் பெட்டிக்குக் கீழே
பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ், இன்னும் ஈரத்தோடு.
டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து
யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டேன்.