மனை

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
கீழிருந்து மூன்றாவது வரி.
‘மலை’ என்று வரவேண்டிய இடத்தில்
‘மனை’ என்று விழுந்திருக்கும்.
விழுந்திருந்தால் முதல் பதிப்பு.
இல்லாவிட்டால் வெறும் நாவல்.

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டுக்கு எடை போடுகிறவன் நான்.
கிலோ இருநூற்று நாற்பதும் கண்டேன்,
நூற்றுப் பத்தும் கண்டேன்.
ஏறுவது இறங்குவது பற்றி
எனக்கு யாரும் சொல்லவேண்டாம் என்றிருந்தேன்,
அந்த வருஷ போனஸில்
பதினொரு பிரதி வாங்கி
ஷீட் மூடும் தார்ப்பாயில் பொதிந்து வைத்தபோது.

ஒன்று நூற்றெண்பது.
பரிசு அறிவித்த வாரம் தொள்ளாயிரம்.
சினிமாவாகிறது என்றதும் மூவாயிரம்.
எழுதியவர் செத்த அன்று
நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டு
மதுரையிலிருந்து ஒருவன் அழைத்தான்.
‘காரியம் கழியட்டும்’ என்றேன்.
துக்கத்தை மதிக்கிறவன் என்று நினைத்திருப்பான்.
நான் ஆறாயிரத்துக்குக் காத்திருந்தேன்.

காரியம் கழிந்தது.
வெட்டூர்ணிமடத்தில் பூட்டிக்கிடந்த அச்சகத்தை
கடனுக்காக வங்கிக்காரர்கள் திறந்தார்கள்.
சணல் அவிழாத கட்டுகள்.
ஐந்நூறு மனை.
தோவாளையில் மத்தியானத்துப் பிச்சிப்பூபோல
ஒரே நாளில் இருநூற்றைம்பது.

ஆறு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.
போன ஞாயிறு திருவனந்தபுரத்திலிருந்து
பல் டாக்டர் ஒருவர் வந்தார்.
மேலட்டை சுத்தமாக இருந்தால் எழுநூறு தருவாராம்.
முதுகைத் தடவினார், முகர்ந்தார்,
நூற்றுப் பன்னிரண்டைத் திருப்பினார்.
அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை.
பதினொன்றிலும்
சிவப்பு மையில் ‘னை’ அடித்து, மேலே ‘லை’.
ஓரத்தில் ஒரு சுழி,
ஒன்பதாம் வகுப்புத் தாளில் அரை மார்க் குறைத்ததுபோல.

எப்சி கட்டன்சாயாவோடு வந்தாள்.
“பின்ன, தப்பை அப்பிடியே விடுவினுமா?”
எப்போது என்று கேட்டேன்.
“அவரு மரிச்ச அன்னைக்கு.
நீங்க போன்ல பேசிட்டு நிக்கும்போ.
அவருக்க பேரு கெடப்பிடாதுல்லா.”

டாக்டர் சாயாவைக் குடித்து முடித்தார்.
ஒன்றும் எடுக்கவில்லை.
படியிறங்கி ஷூவை மாட்டியவர் திரும்பி,
“டீச்சர், அந்த ஒரு தப்புதானா?” என்றார்.
“முப்பத்தொண்ணு உண்டு.
மத்த காப்பியில எல்லாம் இது மட்டும்தான்.
நான் வாசிச்சதுல முழுசும் திருத்திப்போட்டேன்.
கடைசி அத்தியாயத்துல அந்தப் பெண்ணுக்க
வயசே தப்பு.”

டாக்டர் மறுபடி குனிந்து
ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.
எவ்வளவு சொல்ல என்று
எனக்குத் தெரியவில்லை.